நீல முட்டையில் பொரித்த சேவலின் மகள்கள் ஏன் பழுப்பு முட்டை இடுகின்றன?

முற்றத்துப்பெட்டை

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத்தில் சில ஆண்டுகளாகக் கலப்பினக் கோழிகளை வளர்த்து வருகிறேன். என்னிடம் இருந்த பெட்டைகள் எல்லாம் பழுப்பு அல்லது இளம்பழுப்பு முட்டை இடுபவை. நீல முட்டைகளின் மீது இருந்த ஆசையால், நல்ல நீலப்பச்சை முட்டையிலிருந்து பொரித்ததாக உறுதி சொல்லப்பட்ட ஒரு சேவலை வாங்கி வந்து, அந்தப் பெட்டைகளோடு விட்டேன். அவற்றின் முட்டைகளை அடைக்கு வைத்ததில் கிடைத்த குஞ்சுகளில் 9 பெட்டைகள் வளர்ந்து, இப்போது அனைத்தும் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவற்றில் நான்கு மட்டுமே பச்சை நிற முட்டை இடுகின்றன. மற்ற ஐந்தும் தாய்களைப் போலவே பழுப்பு முட்டை இடுகின்றன. எல்லா மகள்களும் நீலமோ பச்சையோ இடும் என்று நம்பியிருந்ததால் மனம் சோர்ந்துவிட்டது. சேவலைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது பொய்யா, அல்லது என் கணக்கில்தான் பிழையா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சாம்பல்வால்

உங்கள் வருத்தம் புரிகிறது, நண்பரே. நான் பெரியவர்களிடம் கேட்டுப் பழகியது, முட்டை நிறத்தைச் செவிமடலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதுதான். வெள்ளைச் செவிமடல் உள்ள பெட்டை வெள்ளை முட்டையும் சிவப்புச் செவிமடல் உள்ளது பழுப்பு முட்டையும் இடும் என்பார்கள். உங்கள் 9 பெட்டைகளின் செவிமடல்களையும் பாருங்கள். இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. பழுப்பு முட்டையிடும் பெட்டையோடு நீல முட்டைச் சேவலை விட்டால், அந்தப் பெட்டை இடும் முட்டையின் ஓடே கொஞ்சம் நிறம் மாறுமா?

ஓட்டுக்கணக்கு

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்த இழையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சேவலை மாற்றுவதால் முட்டை ஓட்டின் நிறம் மாறவே மாறாது. ஓட்டை உருவாக்குவது தாயின் உடல்; உள்ளே இருக்கும் கருவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு, வெள்ளைக்கருவும் சவ்வும் சேர்ந்து, ஓட்டுச் சுரப்பியை அடைந்த பிறகு ஏறத்தாழ 20 மணி நேரம் அங்கே தங்குகிறது. அந்த நேரத்தில்தான் கால்சியம் கார்பனேட்டால் ஆன ஓடு படிகிறது. நிறமும் அங்கேயே ஏறுகிறது. ஆகவே ஒரு முட்டையின் நிறம் அதை இட்ட பெட்டையின் மரபணுக்களைப் பற்றி மட்டுமே பேசும். அந்த முட்டைக்குள் இருக்கும் குஞ்சு தன் தந்தையிடமிருந்து என்ன பெற்றது என்பதை அது சொல்லாது.

உங்கள் சேவலின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது நீலப்பச்சை முட்டையில் பொரித்தது என்றால், அதன் தாயிடம் நீல மரபணு இருந்தது என்பது உறுதி. ஒவ்வொரு கோழியும் இத்தகைய மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாகப் பெறுகிறது. ஆனால் அந்தத் தாயிடம் நீலப் பிரதிகள் இரண்டு இருந்தனவா, ஒன்றுதான் இருந்ததா என்பது முட்டையைப் பார்த்துத் தெரியாது. நீல மரபணு ஓங்கு தன்மை உடையது. ஒரு பிரதி இருந்தாலே ஓடு நீலமாகிவிடும். இரண்டு பிரதிகள் இருந்தால் நீலம் ஓரளவு அடர்ந்து தெரிவதுண்டு என்றாலும், கலப்பினங்களில் பழுப்பும் மேலே படிந்து ஓடு பச்சையாகத் தெரிவதால் அந்த வேறுபாட்டை நம்பி முடிவெடுக்க முடியாது.

உங்கள் 9 மகள்களில் ஐந்து நீலத்தைப் பெறவில்லை என்பதிலிருந்து, உங்கள் சேவலிடம் ஒரே ஒரு பிரதி இருக்கிறது என்று தீர்மானமாகச் சொல்லலாம். இரண்டு பிரதிகள் இருந்திருந்தால் ஒரு மகள்கூடத் தவறியிருக்க முடியாது. ஒரு பிரதி உள்ள சேவலின் மகள்களில் சராசரியாகப் பாதிக்கு நீலம் போகும். 9 இல் 4 என்பது அந்தக் கணக்குக்கு மிக நெருக்கமானது. உங்களுக்குச் சொல்லப்பட்டது உண்மைதான். அந்த உண்மையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பொருள்தான் பெரிதாகிவிட்டது. ஆனால் இந்த முடிவு, குஞ்சுகள் அனைத்துக்கும் இந்தச் சேவலே தந்தை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. இதற்கு முன் வேறு சேவல் இருந்ததா?

முற்றத்துப்பெட்டை

முன்பு ஒரு சேவல் இருந்தது, ஐயா. புதிய சேவல் வருவதற்கு ஒரு மாதத்துக்கும் மேலாக முன்பே அதைக் கொடுத்துவிட்டேன்.

ஓட்டுக்கணக்கு

அப்படியானால் கவலையில்லை. பெட்டையின் உடலில் விந்து சேமிக்கப்பட்டு, ஒரு முறை சேர்ந்த பிறகு இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரைகூடக் கருவுற்ற முட்டைகள் வரலாம். சேவலை மாற்றிய உடனே முட்டைகளை அடைக்கு வைப்பவர்கள் பழைய சேவலின் குஞ்சுகளைப் புதிய சேவலின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கலப்பினக் கூட்டங்களில் புரியாத முடிவுகள் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பரண்நிழல்

சாம்பல்வால் அவர்கள் குறிப்பிட்ட செவிமடல் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். லெகார்ன், மினோர்கா போன்ற மத்தியதரைக்கடல் இனங்களுக்கு வெள்ளைச் செவிமடலும் வெள்ளை முட்டையும் சேர்ந்தே இருக்கின்றன. ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் ஆகியவற்றுக்குச் சிவப்புச் செவிமடலும் பழுப்பு முட்டையும் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் அந்த வழக்கு பலருக்கும் உண்மையாகத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அல்ல. டார்க்கிங் இனத்துக்குச் செவிமடல் சிவப்பு, முட்டையோ வெள்ளை. கத்தலோனியாவின் பெனெதெசென்காவுக்குச் செவிமடல் வெள்ளை, முட்டையோ ஆழ்ந்த பழுப்பு. நீல முட்டை இடும் அரௌகானாவின் செவிமடல் சிவப்புதான். தூய இனங்களிலேயே இவ்வளவு விலக்குகள் இருக்கும்போது, பல இனங்களின் இரத்தம் கலந்த கோழிகளில் செவிமடலுக்கும் ஓட்டுக்கும் இடையிலான உறவு ஒரே தலைமுறையில் குலைந்துவிடும். பெரியவர்கள் ஓர் இனத்தையே தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள். அவர்கள் கண்டது அவர்களுடைய கூட்டத்தில் சரியாகவே இருந்திருக்கும்.

சாம்பல்வால்

விளக்கத்துக்கு நன்றி. என் கூட்டத்தில் வெள்ளைச் செவிமடல் உள்ள ஒரு பெட்டை இளம்பழுப்பு முட்டை இடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டேன். இனி ஒதுக்க மாட்டேன்.

முற்றத்துப்பெட்டை

ஓட்டுக்கணக்கு ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு 9 பெட்டைகளையும் நிதானமாகக் கவனித்தேன். சேவலுக்குக் கொண்டை தாழ்வாக, மூன்று வரிசை மேடுகளாக இருக்கிறது. மகள்களில் ஐந்துக்கு அதே போன்ற கொண்டை. நான்குக்கு நிமிர்ந்த, பல் பல்லான ஒற்றைக் கொண்டை. பச்சை முட்டை இடும் நான்கும் தாழ்ந்த கொண்டை உள்ளவையே. ஒற்றைக் கொண்டை உள்ள நான்கில் ஒன்றுகூடப் பச்சை முட்டை இடவில்லை. இது தற்செயலாக இருக்க முடியுமா? அப்படியென்றால் தாழ்ந்த கொண்டை இருந்தும் பழுப்பு முட்டை இடும் அந்த ஐந்தாவது பெட்டையை எப்படிப் புரிந்துகொள்வது?

ஓட்டுக்கணக்கு

தற்செயல் அல்ல. நீங்கள் வருணிப்பது பட்டாணிக் கொண்டை. அந்தக் கொண்டைக்கான மரபணுவும் நீல ஓட்டுக்கான மரபணுவும் கோழியின் முதலாம் குரோமோசோமில் ஒன்றுக்கொன்று அருகே அமைந்திருக்கின்றன. அருகருகே இருப்பதால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. நூற்றில் மூன்று முதல் ஐந்து முறை மட்டுமே அவை பிரிகின்றன. உங்கள் சேவலின் ஒரு குரோமோசோமில் பட்டாணிக் கொண்டையும் நீலமும் சேர்ந்து இருக்கின்றன. மற்றொன்றில் ஒற்றைக் கொண்டையும் நீலமின்மையும் சேர்ந்து இருக்கின்றன. எந்தக் குரோமோசோமை மகள் பெற்றாள் என்பதைக் கொண்டையே காட்டிக்கொடுக்கிறது.

நீல மரபணுவின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால் சற்று நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். 1933 ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜின் மரபியலாளர் ரெஜினால்டு புன்னெட், நீல ஓடு ஒற்றை ஓங்கு மரபணுவால் வருவது என்று எழுதினார். மரபுக் கணக்கில் நாம் போடும் கட்டத்துக்கு அவருடைய பெயர்தான் வழங்குகிறது. அந்த மரபணு உண்மையில் என்ன என்பது 2013 ஆம் ஆண்டில்தான் தெளிவானது. முன்பொரு காலத்தில் ஒரு ரெட்ரோவைரஸ் கோழியின் மரபுத்தொகுதியில் தன்னை நுழைத்துக்கொண்டது. அது நுழைந்த இடம் பித்தப் பொருள்களைக் கடத்தும் புரதம் ஒன்றின் மரபணுவுக்கு அருகில் அமைந்துவிட்டதால், அந்தப் புரதம் ஓட்டுச் சுரப்பியிலும் மிகுதியாக உருவாகத் தொடங்கியது. பித்தத்தில் உள்ள பச்சை நிறமியான பிலிவெர்டின் ஓட்டில் படிய, ஓடு நீலமாகியது. தென் அமெரிக்காவின் நீல முட்டைக் கோழிகளிலும் சீனாவின் டோங்ஷியாங், லூஷி கோழிகளிலும் இந்த வைரஸ் நுழைந்த இடங்கள் சற்று வேறுபடுகின்றன. அதாவது உலகின் இரண்டு மூலைகளில் தனித்தனியாக இதே நிகழ்வு நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறை இதை நினைக்கும்போதும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இனி ஐந்தாவது பெட்டை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சேவலின் உடலில் அந்த இரண்டு மரபணுக்களும் அரிதாகப் பிரிந்திருக்கலாம். மற்றது இன்னும் எளியது: பட்டாணிக் கொண்டை தாயிடமிருந்து வந்திருக்கலாம். பட்டாணிக் கொண்டை உள்ள எல்லாக் கோழிகளிடமும் நீலம் இருப்பதில்லை. பிரம்மா, அசில் ஆகியவை பட்டாணிக் கொண்டை இனங்கள். அவற்றில் நீலம் கிடையாது. உங்கள் தாய்ப் பெட்டைகளில் ஏதாவது ஒன்றுக்கு அந்தக் கொண்டை உண்டா?

முற்றத்துப்பெட்டை

ஐயா, சரியாகச் சொன்னீர்கள். தாய்களில் ஒன்று அசில் கலந்தது. அதற்குக் கொண்டை தாழ்வானதுதான். அதன் முட்டைகள் சிறியவை, வெளிர்ந்த இளம்பழுப்பு நிறம் உடையவை என்பதால் அடைக்கு வைக்கும்போது பென்சிலால் குறியிட்டு வைத்திருந்தேன். ஐந்தாவது பெட்டை அந்த முட்டையில் பொரித்ததே. மற்ற எட்டும் ஒற்றைக் கொண்டைத் தாய்களின் மகள்கள்.

ஓட்டுக்கணக்கு

அந்தப் பென்சில் குறிக்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். அது இல்லாமல் போயிருந்தால், அரிய பிரிவு ஒன்று நடந்துவிட்டது என்று நாம் தவறாக நம்பியிருப்போம். இன்னோர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். க்ரீம் லெக்பார் இனத்தில் நீலம் ஒற்றைக் கொண்டையோடு சேர்ந்து நிலைத்திருக்கிறது. அந்த இனத்தின் இரத்தம் உள்ள கூட்டத்தில் பட்டாணிக் கொண்டையைத் தேடினால் நல்ல நீலக் கோழிகளையே விலக்கிவிடுவீர்கள். கொண்டை ஓர் அடையாளம் மட்டுமே. அது எந்தப் பக்கம் நீலத்தோடு சேர்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பத்திலும் தனியாகக் கண்டறிய வேண்டும்.

கூடைமுட்டை

இந்த உரையாடலைப் படித்தபின் எனக்கும் கேட்கத் துணிவு வந்தது. என்னிடம் ஆழ்ந்த பழுப்பு முட்டை இடும் மாரன்ஸ் இனத்தின் சேவல் ஒன்று இருக்கிறது. அதை நீல முட்டை இடும் இரண்டு பெட்டைகளோடு விட்டு, ஆலிவ் நிற முட்டை இடும் மகள்களைப் பெற்றேன். அந்த மகள்களை மீண்டும் மாரன்ஸ் சேவலோடு சேர்த்தால் இன்னும் ஆழ்ந்த ஆலிவ் நிறம் கிடைக்கும் என்று எண்ணினேன். கிடைத்த பேத்திகளில் சில மிக ஆழ்ந்த ஆலிவ் நிறத்தையும் சில வெறும் சாக்லேட் பழுப்பையும் இடுகின்றன. மேலும், முதல் மாதத்தில் அவ்வளவு அழகாக இருந்த நிறம் இப்போது வெளிறிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒரே காரணம் விளக்குமா?

பரண்நிழல்

இரண்டும் வேறு வேறு விஷயங்கள். பேத்திகளில் பாதிக்கு நீலம் போகாதது எதிர்பார்க்க வேண்டியதே. உங்கள் ஆலிவ் மகள்களிடம் நீலத்தின் ஒரு பிரதிதான் உண்டு, மாரன்ஸிடம் எதுவும் இல்லை. ஆகவே பாதிப் பேத்திகள் பழுப்பு மட்டுமே இடும். பழுப்பை ஒரு பக்கம் ஏற்றும்போது நீலத்தை மறுபக்கம் இழக்கிறீர்கள்.

பழுப்பு என்பது நீலத்தைப் போல ஒற்றை மரபணுவின் வேலை அல்ல. புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமியை எவ்வளவு, எந்த நேரத்தில் படியவைப்பது என்பதைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால் அதற்குக் கட்டம் போட்டுக் கணக்கிட முடியாது. ஆழ்ந்த பழுப்பையும் வெள்ளையையும் கலந்தால் மகள்கள் இடையில் எங்கேயோ, பெரும்பாலும் இளம்பழுப்பு அல்லது க்ரீம் நிறத்தில் நிற்கும். அந்த மகள்களையே தங்களுக்குள் சேர்த்தால் பேத்திகள் வெளிறியதிலிருந்து ஆழ்ந்தது வரை பரந்து கிடக்கும். அவற்றில் ஆழ்ந்தவற்றையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போவதுதான் ஒரே வழி. அது பொறுமை கேட்கும் வேலை, ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பலன் கண்ணுக்குத் தெரியும்.

வெளிறுவது மரபணு மாறியதால் அல்ல. பழுப்பு நிறமி ஓட்டின் வெளிப்புறத்தில், ஓடு உருவாகும் கடைசி மணி நேரங்களில்தான் பெரும்பாலும் படிகிறது. மாரன்ஸ் முட்டையை இட்ட உடனே, ஈரம் காயும் முன் தொட்டால் நிறம் கையில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இடைவிடாமல் முட்டையிடும் பெட்டைக்கு அந்தப் பூச்சு நாளடைவில் மெலிகிறது. வயது ஏற ஏற முட்டையும் பெரிதாகிறது, அதே அளவு நிறமி பெரிய பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. பயம், இடமாற்றம், வெப்பம் ஆகியவையும் நிறத்தைக் குறைக்கும். ஓய்வெடுத்து, இறகு உதிர்த்து முடித்து மீண்டும் தொடங்கும்போது ஆழ்ந்த நிறம் திரும்புவதைக் காணலாம். ஆனால் ஒரே வாரத்தில் கூட்டம் முழுவதும் வெளிறினால் அதை இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். தொற்று மூச்சுக்குழல் அழற்சி போன்ற நோய்களும், இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கப்படும் நிகார்பசின் என்ற மருந்தும் பழுப்பு ஓட்டை வெளிறச் செய்யும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முற்றத்துப்பெட்டை

எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. என் ஐந்து பழுப்புப் பெட்டைகளில் ஒன்றின் முட்டை வெயிலில் பார்த்தால் பழுப்பாகவும் நிழலில் பார்த்தால் சற்றே பச்சை கலந்ததாகவும் தோன்றுகிறது. அதை நான் தவறான பக்கத்தில் எண்ணிவிட்டேனா?

பரண்நிழல்

முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சவ்வை நீரில் ஊறவைத்து முழுவதும் உரித்துவிட்டுப் பாருங்கள். நீலம் ஓட்டின் தடிமன் முழுவதும் ஊடுருவி நிற்கும். பழுப்பு வெளியே மட்டும் இருக்கும். உட்புறம் வெளிர் நீலமாக இருந்தால் அந்தப் பெட்டையிடம் நீல மரபணு உண்டு. உட்புறம் வெண்மையாக இருந்தால் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க நிச்சயமான பச்சை முட்டையின் ஓட்டையும் பழுப்பு முட்டையின் ஓட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்த்தால் கண் ஏமாறும்.

முற்றத்துப்பெட்டை

மூன்று ஓடுகளையும் வெள்ளைத் தாளின் மேல் கவிழ்க்காமல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். சந்தேகத்துக்குரியதன் உட்புறம் பழுப்பு முட்டையினுடையதைப் போலவே வெண்மையாக இருக்கிறது. பச்சை முட்டையின் உட்புறம் தெளிவான நீலம். எனவே கணக்கு நான்கு, ஐந்து என்றே நிற்கிறது.

இப்போது என் உண்மையான விருப்பத்தைச் சொல்கிறேன். இரண்டு பிரதிகளும் உள்ள ஒரு சேவலை என் கூட்டத்திலிருந்தே உருவாக்க முடியுமா? அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் எந்தப் பெட்டையோடு விட்டாலும் மகள்கள் அனைத்தும் நீலமோ பச்சையோ இடும் அல்லவா?

ஓட்டுக்கணக்கு

முடியும். உங்கள் நான்கு பச்சைப் பெட்டைகளிடமும் நீலத்தின் ஒரு பிரதி இருக்கிறது. ஒரு பிரதி உள்ள சேவலோடு அவற்றைச் சேர்த்தால், குஞ்சுகளில் நான்கில் ஒன்று இரண்டு பிரதிகளோடும், நான்கில் இரண்டு ஒரு பிரதியோடும், நான்கில் ஒன்று எதுவும் இன்றியும் பிறக்கும் என்று சராசரியாக எதிர்பார்க்கலாம். ஆனால் தந்தையையும் மகள்களையும் சேர்ப்பதை ஒரு தலைமுறைக்கு மேல் தொடராதீர்கள். பொரிப்புத் திறனும் குஞ்சுகளின் வலுவும் குறையத் தொடங்கும். உறவில்லாத நீல வழிச் சேவல் கிடைத்தால் அதுவே நல்லது.

எந்தச் சேவல் இரண்டு பிரதிகள் உடையது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனெனில் சேவல் முட்டை இடுவதில்லை. பழைய வழி, அதை வெள்ளை முட்டை இடும் பெட்டைகளோடு விட்டு மகள்களை எண்ணுவது. ஒரு பிரதி மட்டுமே உள்ள சேவலுக்கு, தொடர்ந்து ஐந்து மகள்களும் நீல முட்டை இட நேரும் வாய்ப்பு 32 இல் 1 தான்; ஏழு மகள்கள் என்றால் 128 இல் 1. ஆனால் அந்த மகள்கள் வளர்ந்து முட்டையிட ஐந்தாறு மாதங்கள் காத்திருக்க வேண்டும். இறகையோ இரத்தத்தையோ ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்வதும் உண்டு.

உங்கள் குடும்பத்தில் கொண்டை துணை நிற்பதால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. வளர்ந்த சேவலை, நீலமும் பட்டாணிக் கொண்டையும் இல்லாத ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு விட்டு, பொரித்த குஞ்சுகளின் கொண்டையைச் சில வாரங்களில் பாருங்கள். இதில் ஆண் குஞ்சுகளையும் எண்ணலாம் என்பது பெரிய வசதி. எட்டுக் குஞ்சுகளும் பட்டாணிக் கொண்டையோடு வந்தால், சேவலிடம் அந்தக் கொண்டையின் இரண்டு பிரதிகள் இருப்பது ஏறக்குறைய உறுதி. ஒரு பிரதியோடு அப்படி நேரும் வாய்ப்பு 256 இல் 1. அத்தோடு நீலமும் இரண்டு பிரதிகளாக வந்திருக்கும் என்று பெரும் நம்பிக்கையோடு சொல்லலாம். ஒரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை வந்துவிட்டாலே அந்தச் சேவலை விட்டுவிட்டு அடுத்ததைச் சோதிக்கலாம். மரபணுக்கள் பிரியும் சிறு வாய்ப்பு இருப்பதால், கடைசிச் சான்று மகள்கள் இடும் முட்டைதான். அந்த அசில் கலந்த தாயையும் அதன் மகளையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். அவற்றின் பட்டாணிக் கொண்டை நீலம் இல்லாதது, கணக்கு முழுவதையும் குழப்பிவிடும்.

கூடைமுட்டை

எனக்கும் இது பாடமாக இருந்தது. ஆலிவ் மகள்களை மாரன்ஸோடு சேர்ப்பதற்குப் பதிலாக, ஆழ்ந்த ஆலிவ் இடும் பேத்திகளுக்கு இரண்டு பிரதிகள் உள்ள நீலச் சேவலைத் தேடப் போகிறேன். பழுப்பு கொஞ்சம் குறைந்தாலும் நீலம் ஒரு மகளுக்கும் தவறாது அல்லவா?

ஓட்டுக்கணக்கு

தவறாது. அதன்பின் பழுப்பைத் தேர்வின் மூலம் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

முற்றத்துப்பெட்டை

நான்கு பச்சைப் பெட்டைகளையும் நேற்றுத் தனிக் கூட்டுக்கு மாற்றிவிட்டேன். உறவில்லாத சேவல் ஒன்றைத் தர ஒரு நண்பர் இசைந்திருக்கிறார். அதுவும் பட்டாணிக் கொண்டை உடையது, அதன் உடன்பிறந்த பெட்டைகளில் சில நீல முட்டையும் சில வெள்ளை முட்டையும் இடுகின்றன. ஆகவே அதனிடம் நீலம் இருப்பது நிச்சயம் அல்ல என்பதை இப்போது புரிந்துகொண்டேன். முதலில் அதை ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு விட்டு, சில மகள்களின் முட்டைகளைப் பார்த்த பிறகே பச்சைப் பெட்டைகளிடம் கொண்டுவருவேன். அந்த ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு இருந்த, நான் முதலில் வாங்கிய நீல வழிச் சேவலை இன்று காலை பிரித்துவிட்டேன். மூன்று வாரங்கள் கடந்த பிறகு வரும் முட்டைகளை மட்டும், தாயின் அடையாளத்தையும் நாளையும் ஓட்டில் எழுதி, அடைக்கு வைக்கிறேன். குஞ்சுகளின் கொண்டை தெரியத் தொடங்கியதும் எண்ணிக்கையை இங்கேயே பதிகிறேன்.